இரண்டாம் முறை தட்டும் கதவு

பிரதோஷ மாலையில் நந்திவரம் நந்தீஸ்வரர் ஆலயத்திலும், சுவாதி நட்சத்திரத்தன்று சிங்கப்பெருமாள் கோவிலில் முக்கண்ணராய்க் காட்சி தரும் பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதியிலும் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் பெரியவர்களின் வேண்டுதல்கள் காலத்தோடு மாறி வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் மழை, விளைச்சல், மகளின் திருமணம், மகப்பேறு என்றிருந்த விண்ணப்பங்களோடு இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லி முடித்ததும், "பேரனுக்கு நாளைக்கு இண்டர்வியூ" என்று அர்ச்சகரிடம் மெல்லிய குரலில் சொல்கிறார்கள். அர்ச்சகரும் அதன் பொருள் அறிந்தவராய்த் தலையசைத்துச் சங்கல்பத்தைத் தொடர்கிறார்.

இவ்வேண்டுதல் இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஏரியும் வயலுமாக இருந்த கூடுவாஞ்சேரி, இன்று கணினித் தொழிலின் நடுவே அமைந்த ஊர். ஊரை அடுத்த வல்லாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய எஸ்டான்சியா வளாகத்தில் ஜோஹோ நிறுவனம் இயங்குகிறது. ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் நண்பர்களும் 1996ஆம் ஆண்டில் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கி, 2009ஆம் ஆண்டில் ஜோஹோ எனப் பெயர் மாற்றிய நிறுவனம் இது. தெற்கே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் இன்போசிஸ் வளாகம் இருக்கிறது. கிழக்கே சிறுசேரியில் டி.சி.எஸ். இருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்ரயிலில் காலை வேளையில் கழுத்தில் அடையாள அட்டை அணிந்த இளைஞர் கூட்டத்தைக் காணலாம். அவர்களுக்கு இடையே, கையில் கோப்புடன், சலவை செய்த சட்டையுடன், பேச்சின்றி நிற்கும் ஓரிருவரையும் காணலாம். அவர்கள் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர்கள்.

அவர்களுள் பலர் அன்று மாலை வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்கள். எண்ணிக்கையின் இயல்பு அது. நூறு பேர் வந்த இடத்தில் சிலருக்கே வேலை இருக்கும். ஆனால், திரும்பி வந்த பிள்ளையை எதிர்கொள்ளும் வீட்டுப் பெரியவர்களுக்கு எழும் வினா ஒன்று உண்டு. ஒருமுறை "வேண்டாம்" என்று சொல்லிவிட்ட நிறுவனத்திற்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாமா? அது தன்மானத்திற்கு இழுக்கா? மறுமுறை போனால் மட்டும் பலன் கிடைக்குமா? இவ்வினாக்களுக்குச் சற்று நிதானமாக விடை தேடுவோம்.

தேர்வு என்னும் முறம்

முதலில் இந்நேர்முகத் தேர்வு எப்படி நடைபெறுகிறது என்பதைப் பெரியவர்கள் அறிந்துகொள்வது நல்லது. நம் காலத்து நேர்முகம் பெரும்பாலும் மேசைக்கு அப்பால் மூவர் அமர்ந்து அரைமணி நேரம் வினவுவதோடு முடிந்துவிடும். கணினி நிறுவனங்களில் அப்படி இல்லை. முதலில் எழுத்துத் தேர்வு. கணக்கும், ஒரு சிறு கணினி நிரலைக் கொடுத்து அதன் விடை என்னவாக வரும் என்று கேட்பதும் அதில் இருக்கும். அடுத்து, கொடுத்த கணக்கிற்கு அங்கேயே அமர்ந்து நிரல் எழுத வேண்டும். அதற்கடுத்த சுற்றில், ரயில் முன்பதிவு போன்ற ஓர் ஏற்பாட்டையே சில மணி நேரத்திற்குள் சிறிய அளவில் உருவாக்கிக் காட்டச் சொல்வார்கள். அதன்பின் தொழில்நுட்பம் பற்றிய உரையாடல். இறுதியில் மனிதவள அலுவலரின் உரையாடல். இவ்வாறு நான்கு, ஐந்து படிகள். ஏதேனும் ஒரு படியில் கால் இடறினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரிய நிறுவனங்கள் தேர்வில் இருவகைப் பிழைகளை எண்ணிப் பார்க்கின்றன. தகுதியற்றவரைச் சேர்த்துக்கொள்வது ஒருவகைப் பிழை. தகுதியுள்ளவரைத் தவறவிடுவது மற்றொரு வகை. முன்னதால் நிறுவனத்திற்கு நெடுநாள் தொல்லை. பின்னதால் அன்றைக்கு ஓர் இழப்பு மட்டுமே. ஆகவே, நல்லவர் சிலரை இழந்தாலும் குற்றமில்லை, பொருந்தாதவர் உள்ளே வந்துவிடக் கூடாது என்னும் கண்டிப்போடு அவர்கள் சலிக்கிறார்கள். முறத்தில் நெல் புடைத்துப் பழகிய நம் பாட்டிமார்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பதர்கூட நிற்கலாகாது என்று வேகமாகப் புடைத்தால், பதரோடு சில நல்ல நெல்மணிகளும் முறத்திற்கு வெளியே தெறித்து விழும். விழுந்த மணி பதராகிவிடாது. அதைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் முறத்தில் இடுவது நம் வீடுகளில் வழக்கம்தான்.

மேலும், வேலை கிடைக்காமற் போவதற்கு விண்ணப்பித்தவரின் குறை மட்டுமே காரணம் என்று கொள்ளுதல் கூடாது. காலியிடங்கள் நிரம்பிவிட்டிருக்கலாம், வினவியவருக்கும் விடையளித்தவருக்கும் பேச்சு இசையாமற் போயிருக்கலாம், பழக்கமில்லாத பகுதியிலிருந்து வினா வந்திருக்கலாம், முந்தைய இரவு உறக்கம் கெட்டிருக்கலாம். நிறுவனங்கள் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. இரண்டு வரி மின்னஞ்சலில் வருத்தம் தெரிவித்து முடித்துவிடுகின்றன. அந்த இரண்டு வரிகளைத் தன் வாழ்நாளுக்கே எழுதப்பட்ட தீர்ப்பாக இளைய உள்ளம் எடுத்துக்கொள்கிறது. அவ்விடத்தில்தான் வயதும் அனுபவமும் உள்ளவர்களின் துணை வேண்டியிருக்கிறது.

கேம்பிரிட்ஜில் மூடித் திறந்த கதவு

ஒருமுறை மறுத்த நிறுவனமே மறுமுறை வரவேற்ற வரலாறு ஒன்றை இங்கே நினைவுகூரலாம். அது நம் மண்ணில் பிறந்த கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வில் நிகழ்ந்தது.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். கணிதத்தில் இணையற்றவராக இருந்தும், பிற பாடங்களில் மனம் செல்லாமையால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. தேர்வு எழுதினார். 1906ஆம் ஆண்டில் தோல்வி. மறு ஆண்டிலும் தோல்வி. பட்டமின்றி, வேலையின்றி, கணக்குகள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பெரிய மனிதர்களின் வீட்டு வாயில்களில் நின்றார். 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அப்பணியில் இருந்தபடியே இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்னும் இருவரிடமிருந்து அவருக்கு ஆதரவு கிட்டவில்லை. மூன்றாமவரான ஹார்டிக்கு 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாளிட்ட கடிதம் சென்றது. அக்கடிதம் அவர் வாழ்வின் திசையையே மாற்றியது.

கடல் கடப்பதற்குக் குடும்பத்தில் தடை இருந்தது. நாமக்கல் சந்நிதியில் கிடைத்த அருட்குறிப்பாலும், தாயார் கோமளத்தம்மாள் கண்ட கனவாலும் அத்தடை நீங்கியது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அவர் கப்பலேறினார். நம் வாசகர்களுள் பலர் இதுவரையுள்ள கதையை அறிந்திருப்பீர்கள். இனி வருவது அதிகம் பேசப்படாத பகுதி.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ என்னும் தகுதி மிக உயர்ந்த பெருமை. 1917ஆம் ஆண்டில் இராமானுஜனின் பெயர் அதற்கு முன்வைக்கப்பட்டது. அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை! அவருடைய கணிதத்தில் யாரும் குறை கண்டு மறுக்கவில்லை. முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகப் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1916ஆம் ஆண்டில் அக்கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டபோது, ஹார்டி ரஸ்ஸலின் பக்கம் நின்றார். அதனால் கல்லூரியில் ஹார்டிக்குப் பகைவர் பலர் இருந்தனர். அவர் முன்மொழிந்தவருக்கும் அப்பகை இடையூறாயிற்று. நிறவேற்றுமை பாராட்டியவர்களும் அங்கே இருந்தனர். ஆக, தேர்வில் தோற்றது இராமானுஜனின் அறிவன்று; காலமும் சூழலும் அவருக்கு எதிராக இருந்தன.

அவ்வாண்டிலேயே அவர் உடல்நலம் குன்றி மருத்துவ இல்லங்களில் தங்க நேர்ந்தது. போர்க்காலம், சைவ உணவு கிடைப்பது அரிது, ஊரிலிருந்து கடிதம் வருவதும் தடைப்பட்டது. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மனம் முற்றிலும் தளர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ள முற்பட்டு, தெய்வாதீனமாகக் காப்பாற்றப்பட்டார். அத்தளர்ச்சிக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டுதல் இயலாது. ஆயினும், உலகம் போற்றும் மேதைக்கும் அப்படி ஓர் இருண்ட காலம் வந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியில் அவர் பெயர் மறுமுறை வந்தது. இம்முறை ஹார்டி முன்னே நிற்கவில்லை; லிட்டில்வுட் அப்பொறுப்பை ஏற்றார். ராயல் சொசைட்டியே ஏற்றுக்கொண்ட ஒருவரை மறுப்பது கல்லூரிக்கு எளிதாக இல்லை. முந்தைய ஆண்டில் மூடிய கதவு திறந்தது. டிரினிட்டியின் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் என்னும் பெருமை அவருக்கு வாய்த்தது.

மறுமுறை போகும்போது எது மாற வேண்டும்?

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் மூன்று மாற்றங்கள் தெரிகின்றன. ஓராண்டுக் காலம் கடந்திருந்தது. அவருடைய தகுதிக்குப் பிறர் மறுக்கவியலாத புதிய சான்று ஒன்று சேர்ந்திருந்தது. அவருக்காகப் பேசியவர் மாறியிருந்தார். கணினி நிறுவனத்திற்கு மறுபடியும் விண்ணப்பிக்கும் இளைஞருக்கும் இம்மூன்றுமே பொருந்தும்.

முதலாவது காலம். பெரும்பாலான பெரிய நிறுவனங்கள், ஒருமுறை தேர்வாகாதவர் மீண்டும் விண்ணப்பிக்க ஒரு கால இடைவெளியை வைத்திருக்கின்றன. இளைஞர்கள் இதனைக் கூலிங் பீரியட் என்பர். அது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை என்பது பரவலான வழக்கம். விண்ணப்பங்கள் யாவும் கணினியில் பதிவாகி இருப்பதால், அதற்குமுன் அனுப்புவது பெரும்பாலும் பயனற்றது. வேறொரு மின்னஞ்சல் முகவரியிலிருந்து புதியவர்போல விண்ணப்பிப்பது பயனற்றது மட்டுமன்று, நேர்மைக்கும் ஒவ்வாதது. தெரிய வந்தால் கதவு நிரந்தரமாக மூடிவிடும். முன்பு வந்ததை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. சென்ற முறை இங்கே வந்தேன், இன்ன பகுதியில் குறைவு இருந்தது, அதனை இவ்வாறு சரி செய்தேன் என்று சொல்லும் இளைஞரிடம் வினவுவோருக்கு மதிப்புத்தான் உண்டாகும்.

இரண்டாவது சான்று. நேர்முகம் முடிந்த அன்றே, நினைவு மங்குமுன், கேட்கப்பட்ட வினாக்கள் என்ன, எந்த இடத்தில் தடுமாற்றம் ஏற்பட்டது என்பவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நிரல் எழுதுவதில் வேகம் போதவில்லையா? அடிப்படைகளில் தெளிவு இல்லையா? எண்ணியதை வாய்விட்டுச் சொல்ல இயலவில்லையா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பயிற்சி. நாள்தோறும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஆறு மாதம் பயின்றால் அம்மாற்றம் மறைக்க முடியாதது. சொந்தமாக ஒரு சிறு செயலியை உருவாக்கிக் காட்டுவது வெறும் சான்றிதழைவிட வலிமை உடையது. காத்திருக்கும் காலத்தில் வேறொரு சிறிய நிறுவனத்தில் பணியில் சேர்வதும் இழிவன்று. இராமானுஜன் துறைமுகக் கழகத்தில் எழுத்தராய் இருந்துகொண்டேதான் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார்.

மூன்றாவது துணை நிற்பவர். நிறுவனத்தில் ஏற்கெனவே பணிபுரியும் ஒருவர், இவரை எனக்குத் தெரியும், பார்க்கலாம் என்று பெயரை முன்வைப்பது இத்துறையில் முறையான வழக்கம். ரெஃபரல் என்று அதற்குப் பெயர். பணம் கொடுத்துப் பெறும் சிபாரிசுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரெஃபரல் விண்ணப்பத்தைப் பார்வைக்குக் கொண்டு சேர்க்கும்; தேர்வில் வெற்றி பெறுவது விண்ணப்பித்தவரின் கடன்.

திருக்கோஷ்டியூர் நம்பியின் வாயிலுக்கு எம்பெருமானார் பதினெட்டு முறை நடந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். திருவரங்கத்திலிருந்து அவ்வளவு தொலைவு நடந்து, பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பியவர் மறுபடியும் நடந்தார். "யார்?" என்ற வினாவுக்கு "நான்" என்று சொன்னபோது திறவாத கதவு, "அடியேன்" என்று சொன்னபோது திறந்தது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதவு அதே கதவுதான். வந்து நின்றவரிடம் நிகழ்ந்த மாற்றமே அங்கு பேசப்படுகிறது. அதே விண்ணப்பத்தை அதே நிலையில் பதினெட்டு முறை அனுப்புவதால் மட்டும் பயனில்லை என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகிறது.

வேறு கதவுக்குச் செல்வதும் தோல்வியன்று

எல்லோருக்கும் மறுமுறையில் வெற்றி கிடைத்துவிடும் என்று சொல்வது உண்மையாகாது. இராமானுஜனே எப்.ஏ. தேர்வை மறுமுறை எழுதியும் தேறவில்லை. அக்கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. அவர் வேறு வழியில் சென்றார். எந்தக் கதவை மீண்டும் தட்டுவது, எதை விட்டு விலகுவது என்று பகுத்தறிவதும் ஒரு விவேகம்.

இதற்கு நம் தாம்பரம் வட்டாரத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம், விமானியாக வேண்டும் என்று கனவு கண்டவர். 1958ஆம் ஆண்டில் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றார். வந்திருந்தோர் 25 பேர், இடங்கள் எட்டு, அவருக்குக் கிடைத்ததோ ஒன்பதாம் இடம். ஓரிடத்தால் கனவு கலைந்தது. மனம் நொந்து ரிஷிகேசம் சென்று, கங்கையில் நீராடி, சுவாமி சிவானந்தரைச் சந்தித்ததைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். விதித்தது வேறொன்றாக இருக்கலாம், அதனை ஏற்று முன்னே செல் என்னும் கருத்துப்பட சுவாமிகள் அவரைத் தேற்றி அனுப்பினார். கலாம் தில்லி திரும்பி, பாதுகாப்புத் துறையில் மாதம் 250 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் நிகழ்ந்தவற்றை நாடறியும். 2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 74 வயதில், குடியரசுத் தலைவராகப் புனே விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானத்தில் அவர் பறந்தார்.

ஜோஹோ நிறுவனமும் கல்லூரிப் பட்டம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாமல், 2005ஆம் ஆண்டு முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தன் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகை அளித்துப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தி வருகிறது. ஒரே கட்டடத்திற்குள் செல்ல ஒரே வாசல்தான் உண்டு என்பதில்லை. நிரல் எழுதும் பணி கிட்டாதவர், மென்பொருளைச் சோதிக்கும் பணியிலோ வாடிக்கையாளருக்கு உதவும் பணியிலோ சேர்ந்து, உள்ளிருந்தே கற்று முன்னேறுவதும் இத்துறையில் நடப்பதே.

பின்வாசல் என்னும் படுகுழி

நேர்முகத்தில் தோற்ற பிள்ளையின் வீட்டைத் தேடி இன்னொரு கூட்டம் வரும். "அந்தக் கம்பெனியில் எனக்கு ஆள் இருக்கிறது, இத்தனை லட்சம் கட்டினால் பின்வாசல் வழியாகச் சேர்த்துவிடலாம்" என்பார்கள். கைப்பேசியில் நிறுவனத்தின் முத்திரையோடு பணி ஆணை போன்ற ஒரு கடிதத்தையும் அனுப்புவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று பணம் கேட்பார்கள். வீட்டில் வைப்புநிதியும் ஓய்வூதியச் சேமிப்பும் யார் பெயரில் இருக்கின்றன? பெரும்பாலும் தாத்தா, பாட்டி பெயரில்தான். பேரன்பால் உள்ள பாசமே அவர்களை ஏமாறச் செய்கிறது.

ஒன்றை உறுதியாக மனத்தில் கொள்ளுங்கள். நேர்மையான எந்த நிறுவனமும் வேலை கொடுப்பதற்காகப் பணம் கேட்பதில்லை. பணம் கேட்ட நொடியிலேயே அது பொய் என்று முடிவு செய்துவிடலாம். கடிதம் வந்தால், நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி அதன் உண்மையை அறிந்துகொள்ளலாம். இணையவழியில் பணத்தை அனுப்பி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணில் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

இதைப் போன்றதே போலி அனுபவச் சான்றிதழும். இரண்டாண்டு பணி செய்ததாக ஒரு தாளைப் பணம் கொடுத்து வாங்கி, அதனைக் காட்டி மறுமுறை விண்ணப்பிக்கச் சொல்வோர் உளர். நிறுவனங்கள் சேர்த்துக்கொண்ட பின்னரும் பழைய பணி விவரங்களைச் சரிபார்க்கின்றன. பொய் வெளிப்பட்டால் வேலை போவதோடு நற்பெயரும் போகும். ஆண்டவன் சந்நிதியில் வேண்டிக்கொண்டு பெறும் வேலை, பொய்யின்மீது நிற்கலாமா?

பெரியவர்களின் பங்கு

இனி நம் கடமைக்கு வருவோம். பிள்ளை நேர்முகம் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்ன ஆச்சு?" என்று கேட்கும் ஆவல் நமக்கு இயல்பு. முகத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் நேரங்களில் அவ்வினாவை அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டியா கண்ணா?" என்று கேட்பது பேருதவி. சொல்ல வேண்டியதை அவனே இரவுக்குள் சொல்லிவிடுவான்.

நேர்முகத்திற்கு முன்பே உற்றார் உறவினர் அனைவருக்கும் செய்தி அனுப்புவதைத் தவிர்க்கலாம். பிறகு ஒவ்வொருவரும் தொலைபேசியில் கேட்கும்போது, அவன் ஒரே தோல்வியை இருபது முறை ஒப்புக்கொள்ள நேரிடுகிறது. எதிர்வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தை எடுத்துரைப்பதும் வேண்டாம். வீட்டுக் கடன் தவணை எவ்வளவு என்பது அவனுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

பேத்திகளைக் குறித்துத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பேரன் தோற்றால், அடுத்த முறை பார்க்கலாம் என்கிறோம். பேத்தி தோற்றால், "போதும், வரன் பார்க்கலாம்" என்னும் பேச்சு சில வீடுகளில் எழுகிறது. ஒரே படிப்பு, ஒரே உழைப்பு. மறுமுறை முயலும் உரிமை மட்டும் ஏன் இருவருக்கும் வேறாக இருக்க வேண்டும்? கூலிங் பீரியட் முடியும் வரையிலாவது அவளுக்கு அவகாசம் தருவது பெரியவர்களின் ஒரு சொல்லில் இருக்கிறது. பெற்றோர் தயங்கும் இடத்தில், "அவள் இன்னொரு தடவை எழுதட்டும்" என்று பாட்டி சொன்னால் வீடு கேட்கும்.

வேண்டுதல் செய்வது நம் கடன். அதனை மனநிறைவோடு செய்வோம். ஆனால் கிடைக்காமற் போன வேலைக்குக் கிரகத்தை மட்டும் காரணமாக்கி, பரிகாரத் தலங்களுக்கு அவனை வாரந்தோறும் அழைத்துச் சென்று பயிற்சிக்குரிய நேரத்தைக் குறைத்துவிடுதல் நன்றன்று. தலயாத்திரையை நாம் மேற்கொள்வோம்; அவன் தன் மேசையில் அமர்ந்து பயிலட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில பிள்ளைகள் தோல்விக்குப் பின் பேச்சைக் குறைத்து, உணவைக் குறைத்து, இரவெல்லாம் விழித்திருந்து, "என்னால் உங்களுக்கெல்லாம் பாரம்" என்பது போன்ற சொற்களைச் சொல்லக்கூடும். அதனைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடலாகாது. இராமானுஜனுக்கு வந்த இருள் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம். அருகில் அமர்ந்து பேசுங்கள், தனித்து விடாதீர்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணாகிய 14416க்கோ, தமிழக அரசின் 104க்கோ எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவரிடம் செல்வதில் இழிவு ஏதும் இல்லை.

ஃபெலோ ஆன மகிழ்ச்சியை இராமானுஜன் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1919ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில் சென்னையில் காலமானார். ஆயினும், நோயுற்ற அந்த இறுதி ஆண்டிலும் புதிய கணக்குகளை எழுதிக்கொண்டே இருந்தார். பதவி கிடைப்பதற்கு முன்பும், மறுக்கப்பட்டபோதும், கிடைத்த பின்பும் அவர் கைவிடாதது அந்த வேலை ஒன்றையே.

ஆகவே அன்பர்களே, கதவு திறப்பதும் திறவாததும் பலர் கையில் உள்ள செய்தி. தொழிலில் தேர்ச்சி பெறுவது நம் பிள்ளையின் கையில் உள்ளது. அத்தேர்ச்சி ஒருமுறை வந்துவிட்டால், அதை எந்த மின்னஞ்சலும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் வீட்டில் காத்திருக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால், இன்றே அருகில் அழைத்து, மறுபடியும் எந்த மாதத்தில் விண்ணப்பிக்கலாம் என்று கேட்டு, நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்து வையுங்கள். தாத்தாவும் பாட்டியும் தன்னோடு காத்திருக்கிறார்கள் என்பதை அந்தக் குறிப்பு அக்குழந்தைக்குச் சொல்லும். இறையருள் துணை நிற்கட்டும்.